வெளுத்து வைத்த பெல்ட்டுகள்

அந்தக் கட்டடத்தில் பெல்ட்டம்மாவைத் தாண்டாமல் ஒருவனும் மேலே ஏற முடியாது. பதினான்கு மாடி. வாசலை ஒட்டி ஒரு தகர அறை. அதன் சுவர்களில் முப்பது ஆணி, ஆணிக்கு ஒரு பெல்ட். பெல்ட் என்றால் கால்சட்டை நழுவாமல் கட்டுகிற வார் இல்லை. தோளில் ஏறி, மார்பில் குறுக்கே ஓடி, இரண்டு தொடையையும் சுற்றிக்கொண்டு முதுகில் ஒரு வளையத்தில் வந்து சேரும். அந்த வளையத்திலிருந்து ஆள் நீளத்துக்கு ஒரு நாடா, நாடாவின் நுனியில் உள்ளங்கை அகலக் கொக்கி. கால் வழுக்கினால் ஆளை அந்தரத்தில் பிடித்து நிறுத்துவது அந்த நாடாவும் கொக்கியும்தான். சாமி எல்லாம் அதற்கு அப்புறம்தான் வரும் என்பாள் பெல்ட்டம்மா.

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. கைநாட்டு. புருஷன் கொத்தனார். முப்பத்தைந்து வருஷம் சாரத்தில் ஏறி இறங்கின மனுஷன், ஒரு நாள்கூடப் பெல்ட் போட்டதில்லை, ஒரு நாள்கூட விழுந்ததுமில்லை. கடைசியில் வீட்டில் பாயில் படுத்துத் தூங்கியபடியே போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடம், "பாய்க்குக் கீழேயும் ஏதோ பள்ளம் இருந்திருக்கு, விழுந்துட்டாரு" என்று சொல்லி எல்லோர் வாயையும் அடைத்தவள் அவள். மேஸ்திரி பாவப்பட்டு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். பாவப்பட்டதற்கு அன்றிலிருந்து அவர்தான் அனுபவித்துக்கொண்டிருந்தார்.

யார் எந்தப் பெல்ட்டை எடுத்தான் என்று எழுதி வைக்க ஆபீசில் ஒரு நோட்டு கொடுத்தார்கள். அதை அவள் டீ கிளாசுக்கு மூடியாக வைத்துக்கொண்டாள். அவள் வழி வேறு. பெல்ட்டை எடுப்பவன் தன் மேல்சட்டையைக் கழற்றி அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். இறங்கி வந்து பெல்ட்டை மாட்டினால்தான் சட்டை. ஆணியில் சட்டை தொங்கினால் ஆள் மேலே, பெல்ட் தொங்கினால் ஆள் கீழே. படித்தவனுக்கும் புரியும், படிக்காதவளுக்கும் புரியும். செல்போனும் சட்டைப் பையிலேயே கிடப்பதால் பகல் முழுக்கச் சட்டைகள் ஒவ்வொன்றாக அலறிக்கொண்டிருக்கும். தொல்லை தாங்காமல் சில நேரம் எடுத்து, உன் புருஷன் மேலே இருக்கிறான், இங்கே சட்டை மட்டும்தான் இருக்கிறது, அதோடு பேசுகிறாயா என்று கேட்பாள்.

காலையில் ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பார்த்துத்தான் கொடுப்பாள். தையல் பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவுவாள். கொக்கியைக் காதருகே வைத்து மூடித் திறப்பாள். சத்தம் சுத்தமாக விழாவிட்டால் தூக்கி ஓரமாகப் போடுவாள். ஆட்கள் செய்கிற திருட்டு வேலை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதில் பெரியது ஒன்று உண்டு. கம்பியில் மாட்ட வேண்டிய கொக்கியைத் தன் பெல்ட் வளையத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்பார்கள். கீழேயிருந்து பார்த்தால் மாட்டின மாதிரியே இருக்கும். பெல்ட்டம்மா தெருவுக்கு அந்தப்பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்துக் கத்துவாள்: "கொக்கியை உன் மேலேயே மாட்டிக்கிட்டா, விழும்போது நீயும் கொக்கியும் ஜோடியாத்தான் வருவீங்க." எட்டாவது மாடிவரை கேட்கிற குரல்.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது சேப்டி சார். முப்பது வயதுப் பையன். மாதத்துக்கு ஒரு நாள் கீழ்த்தளத்தில் எல்லோரையும் உட்கார வைத்து வகுப்பு எடுப்பான். ஆள் உயரத்துக்கு மேல் ஏறினால் பெல்ட் கட்டாயம். கொக்கி தலைக்கு மேலே மாட்டப்பட வேண்டும், காலடியில் அல்ல. தரையில் ஓட்டை இருந்தால் மூடி வை, விளிம்பு இருந்தால் தடுப்புக் கம்பி கட்டு. விழுந்த ஆளை ஒரு முறை தாங்கின பெல்ட்டை மறுபடி யாரும் போடக் கூடாது, வெட்டி எறிந்துவிட வேண்டும். பெல்ட்டம்மா எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வாள், ஒரே ஒரு பகுதியைத் தவிர. வகுப்பின் கடைசியில் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இனி பெல்ட்டை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஆரம்பிப்பான். அந்த இடத்தில் அவள் எழுந்து டீ போடப் போய்விடுவாள். இருபது வருஷம் நாலு வீட்டுத் துணியைத் துவைத்த கை அது. மீசை நேற்று முளைத்தவன் எனக்குத் துணி துவைக்கச் சொல்லித் தருகிறானா என்று அடுப்பிடம் கேட்பாள். அடுப்பு பதில் சொன்னதில்லை.

அந்தச் சேப்டி சாரை ஆறு மாதத்துக்கு வேறொரு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்குப் பதிலாக யாரும் வரவில்லை. ஆபீஸ் கிளார்க் நாற்காலியை விட்டு எழாமலே, பெல்ட்டெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகக் கேட்பான், அவள் ஆமாம் என்பாள், அவன் கையெழுத்துப் போடுவான்.

அப்போதுதான் பெயிண்டர் ஒரு நாள் வந்து நின்றான். சாதுவான ஆள், குரல் எழும்பாது. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தப் பெல்ட்டைப் போட்டா குமட்டுது. யார் யார் வேர்வையோ" என்றான். பெல்ட்டம்மா முகர்ந்து பார்த்தாள். செத்த எலிகூட ஒரு மரியாதையோடு நாறும். இதற்கு அந்த மரியாதையும் இல்லை.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வார விடுமுறை நாளில் வந்து, பெரிய டிரம்மில் வெந்நீர் ஊற்றி, பாத்ரூம் கழுவுகிற பிளீச்சிங்கைத் தாராளமாகக் கலந்து பெல்ட்டை ஊறப் போட்டாள். தேய்க்கிற பிரஷ்ஷால் நாடா நாடாவாகத் தேய்த்து, மொட்டை மாடிக் கம்பியில் காயப் போட்டாள். உச்சி வெயில். மாலையில் எடுத்தபோது பெல்ட் பளிச்சென்று, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளை மாதிரி இருந்தது. மறுநாள் பெயிண்டர் அதை மோந்து பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். மற்றவனெல்லாம் எனக்கு எனக்கு என்று வந்து நின்றான்.

ஐந்து மாதம் இந்தச் சலவை நடந்தது. முப்பதில் இருபத்திரண்டு பெல்ட்டுக்கு வாரம் தவறாமல் குளியல். மிச்சம் எட்டு? அது பெல்ட்டம்மாவின் கோபப் பட்டியல். எதிர்த்துப் பேசினவன், கொக்கியைத் தன் மேலேயே மாட்டினவன், டீயைக் குடித்துவிட்டுக் கிளாசைக் கழுவாதவன், இவர்களுக்கெல்லாம் துவைக்காத பெல்ட். நாற்றத்தோடு போ, புத்தி வரட்டும் என்பாள்.

அந்த எட்டிலும் கடைசி ஆணி அவளுடைய மருமகனுடையது. சாரம் கட்டுகிறவன். மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டது. அவன்மேல் இன்னதென்று ஒரு குற்றம் சொல்ல முடியாது, அதுவே அவளுக்குக் கடுப்பு. அவள் ஒன்று சொன்னால் சிரித்துக்கொண்டே ஒன்று திருப்பிச் சொல்வான். அவன் பெல்ட்டை அவள் கையால் எடுத்துக் கொடுப்பதுகூடக் கிடையாது. குச்சியால் தள்ளிக் கொடுப்பாள். இழுத்துப் பார்ப்பதையும் இரண்டு மாதமாக விட்டுவிட்டாள். யார் அதைத் தொடுவது?

ஆறு மாதம் முடிந்து சேப்டி சார் திரும்பி வந்தது ஒரு முற்பகல். எல்லோரும் மேலே போயாயிற்று. பிளம்பர் மட்டும் காய்ச்சலென்று வரவில்லை. அவன் ஆணியில் பெல்ட் தொங்கியது, மற்ற ஆணியிலெல்லாம் சட்டை. பெல்ட்டம்மா டீ போட்டுக் கொடுத்தாள். தனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டாள். அவன் பேச்சுவாக்கில் பிளம்பரின் பெல்ட்டை எடுத்தான், நாடாவை மடக்கினான். மடக்கின இடத்திலிருந்து மாவு மாதிரி ஏதோ உதிர்ந்தது.

"இதை என்னம்மா பண்ணீங்க?"

பாராட்டப்போகிறான் என்று அவள் நினைத்தாள். வெந்நீர் எவ்வளவு, பிளீச்சிங் எவ்வளவு, எத்தனை மணி நேர வெயில் என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் சுண்டிக்கொண்டே போனது. பிளீச்சிங் நூலை உள்ளேயிருந்து தின்றுவிடும், மிச்சத்தை வெயில் தின்னும், பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும், ஆள் பாரம் விழுந்தால் தாங்காது என்றான். பச்சைத் தண்ணீரும் சாதாரண சோப்பும் போதும், நிழலில் காயப் போட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் கத்தினேனே என்றான்.

அவன் கத்தினபோதெல்லாம் அவள் அடுப்படியில் இருந்தாள்.

"நல்ல வேளை, இது ஒண்ணுதானே?" என்று கேட்டான் அவன்.

பெல்ட்டம்மா சுவரைப் பார்த்தாள். சட்டை, சட்டை, சட்டை. எது எது துவைத்த ஆணி என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆமாம் என்று சொன்னால் வேலை தங்கும். சாயங்காலம் எல்லோரும் இறங்கினதும் ஏதாவது சொல்லிப் பெல்ட்டையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். சாயங்காலம்வரை இருபத்தொரு பேர் கால் வழுக்காமல் இருந்தால் போதும். அவள் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பிற்பாடு இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொன்னாலும் அந்த ஒரு வாயை அவள் விட்டதில்லை. இருபத்தொரு உசுரு அந்தரத்தில் தொங்குது, இந்தக் கிழவிக்கு டீ ஆறிடுமேன்னு கவலை என்று தானே சொல்லிக் காறித் துப்புவாள்.

கிளாசைக் கீழே வைத்தாள். "இருபத்திரண்டு சார்" என்றாள். "இருபத்தொண்ணு மேல இருக்கு."

அவன் வெளியே ஓடினான். சங்கு ஊதினது. வேலை நின்றது. மேலே சாரக்காரர்களிடம் இருந்த வாக்கி டாக்கியில், வெளியே நிற்பவர்கள் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிதானமாக உள்ளே வாருங்கள் என்று சொன்னான். எந்தப் பெல்ட் கெட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று மேலேயிருந்து கேள்வி வந்தது. சேப்டி சார் அவள் முகத்தைப் பார்த்தான்.

"மோந்து பாக்கச் சொல்லுங்க" என்றாள் பெல்ட்டம்மா. "மணக்கிறது கெட்டது. நாறுறது நல்லது."

அப்படியே அறிவிப்பு போனது. பதினான்கு மாடியிலும் வளர்ந்த ஆண்பிள்ளைகள் ஒருவன் தோளை ஒருவன் மோந்துகொண்டு நின்றதைப் பார்த்த ஒரே கட்டடம் அதுவாகத்தான் இருக்கும். பெல்ட்டம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பிடித்தவன், அவளை அக்கா என்றவன், அம்மா என்றவன், கிளாசைக் கழுவி வைத்தவன், அவன் அவனாகப் பொறுக்கி எடுத்துக் கண்டத்தில் நிறுத்தியிருந்தாள். அவள் வெறுத்த எட்டுப் பேரும் கல்லுக் குண்டாகப் பத்திரமாக இருந்தார்கள். என் அன்புக்குத் தப்பினவன்தான் பிழைப்பான் போலிருக்கிறது என்று தோன்றியது.

ஒவ்வொருவராக ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். பெயிண்டர் மட்டும் வரவில்லை. பன்னிரண்டாம் மாடி, வெளிச்சுவரின் மூலை. அவனுக்கும் ஜன்னலுக்கும் நடுவே பத்தடிப் பலகை. ஜன்னல் சட்டங்களை ஏற்றுவதற்காகக் காலையில்தான் அந்தப் பத்தடிக்குத் தடுப்புக் கம்பியைக் கழற்றியிருந்தார்கள். பெல்ட் இருக்கிறதே என்று அவன் காலையிலிருந்து அந்தப் பலகையில் இருபது தடவை போய் வந்திருப்பான். பெல்ட் சரியில்லை என்று காதில் விழுந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாரக் குழாயைக் கட்டிக்கொண்டான். அதே பலகை, அதே கால். நம்பிக்கை போனதும் கால் வர மறுத்துவிட்டது.

நல்ல பெல்ட் போட்ட யாராவது இன்னொரு நல்ல பெல்ட்டோடு அவனிடம் போக வேண்டும். பக்கத்தில் இருந்தது ஒரே ஆள்தான். பெல்ட்டம்மா வாக்கி டாக்கியைச் சேப்டி சார் கையிலிருந்து பிடுங்கினாள்.

"மாப்பிள்ளை, உன் பெல்ட் நாறுதா?"

கொஞ்ச நேரம் கரகரவென்று இரைச்சல். "நீங்க கொடுத்தது அத்தை. பன்னீரா மணக்கும்?"

"வாயை மூடிக்கிட்டுக் கேளு. கீழ் மாடியில நாறுறவன் யார்கிட்டயாவது அவன் பெல்ட்டைக் கழட்டி வாங்கிக்கோ. பெயிண்டர்கிட்ட போய் அதை அவனுக்குப் போட்டுவிட்டு, கூட்டிக்கிட்டு வா. கொக்கி தலைக்கு மேல."

"சரி அத்தை" என்றான். அவன் திருப்பி ஒன்றும் சொல்லாமல் சரி என்றது அன்றைக்குத்தான்.

அவன் ஜன்னலில் கால் வைத்து வெளியே வந்தபிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. இரண்டு மாதமாக அவன் பெல்ட்டை அவள் இழுத்துப் பார்க்கவில்லை. தையல் இருக்கிறதா பிரிந்ததா, யாருக்குத் தெரியும்? குச்சியால் தள்ளினவளுக்கு என்ன தெரியும்? கடைசி ஆணியில் அவன் கட்டம் போட்ட சட்டை தொங்கியது. அதன் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. மகளாகத்தான் இருக்கும், சாப்பிட்டாயா என்று கேட்பதற்காக இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். எல்லோர் பெண்டாட்டியிடமும் வாயாடின பெல்ட்டம்மா அந்தப் போனை எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. சட்டை நடுங்குகிற மாதிரி இருந்தது. நடுங்கினது சட்டையா தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அவள் தெருவுக்கு அந்தப்பக்கம் போய் அண்ணாந்து நின்றாள். கத்தவில்லை. மேலே அவன் தலைக்கு மேலிருந்த கம்பிக் கயிற்றில் கொக்கியை மாட்டினான். இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான். அவன் பழக்கமாகவே அப்படித்தான் செய்வானோ என்னவோ; அவள் திட்டுவதற்குத்தான் அவனைப் பார்த்திருக்கிறாள், பார்ப்பதற்குப் பார்த்ததில்லை. பலகையில் அடி மேல் அடி வைத்துப் போனான். காற்றில் பலகை லேசாக ஆடினது. பெயிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, என்னவோ பேசி, அவன் ஒரு கையைக் குழாயிலிருந்து பிரித்து வாருக்குள் நுழைத்தான். பிறகு இன்னொரு கை. குழந்தைக்குச் சொக்காய் போடுகிற மாதிரி. அப்புறம் இரண்டு பேரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து வந்து, ஜன்னலுக்குள் ஒரு முதுகு, அதன்பின் இன்னொரு முதுகு என்று மறைந்தார்கள்.

பெல்ட்டம்மா நடுத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அடிச்சுட்டுப் போயேண்டா, உனக்குப் புண்ணியமாப் போகும் என்றாள் அவனிடம்.

சாயங்காலம் சேப்டி சார் ஒரு மணல் மூட்டையை ஆள் எடைக்கு நிரப்பி, துவைத்த பெல்ட்டுகளில் சிலதை மாட்டி முதல் மாடியிலிருந்து தள்ளிப் பார்த்தான். மூன்று தாங்கின. நாலாவது பட்டென்று அறுந்து மூட்டை தரையில் வெடித்தது. நாலாவது பெயிண்டருடையது. பிரியம் அதிகமென்று வாரம் இரண்டு தடவை துவைத்த பெல்ட். மருமகனின் பெல்ட்டை மாட்டித் தள்ளினார்கள். மூட்டை ஒரு ஆட்டம் ஆடி நின்றது, நாற்றம் மட்டும் எல்லாப் பக்கமும் பரவினது. ஆளைத் தாங்கின கணக்கில் அதையும் இனி வெட்டி எறிய வேண்டியதுதான் என்றான் சேப்டி சார்.

எல்லாவற்றையும் வெட்டுகிற வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கத்தரிக்கோல் பூசணித் தண்டை வெட்டுகிற மாதிரி நாடாவில் இறங்கியது. பெயிண்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். திட்டப்போகிறான், திட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள். "அக்கா, நாளைக்குப் புது பெல்ட் வந்தா, கொஞ்சம் நாறினதும் எனக்குக் கொடுங்க" என்றான். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியாகச் சட்டை எடுக்க வந்தவன் மருமகன். கடைசி ஆணியிலிருந்து சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டான். போனைப் பார்த்து, அவ பதினோரு தடவை கூப்பிட்டிருக்கா என்றான். அவளிடம் ஒன்றும் சொல்லாதே என்றாள் பெல்ட்டம்மா. சொல்லவில்லை என்றால் நானாக வந்து சொல்லிவிடுவேன், அதற்கு நீயே சொல்லிவிடு என்றும் சொன்னாள். அவன் சிரித்தான். சிரித்ததைப் பார்த்து அவளுக்கு வழக்கமாக வருகிற எரிச்சல் அரைப்படி குறைவாக வந்தது.

மறுநாள் இன்ஜினியர் கூப்பிட்டு, சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். அவள் வைத்தாள். சேப்டி சார்தான் பேசினான். ஆறு மாதம் எவனும் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறான், அதைப் பற்றி முதலில் பேசலாம் என்றான். அப்புறம், தப்பை அவள் வாயாலேயே சொன்னாள், மூடி மறைத்திருந்தால் நாம் இன்றைக்கு வேறு விஷயம் பேசிக்கொண்டிருப்போம் என்றான். ஒரு வாய் டீ குடிச்சுட்டுத்தான் சொன்னேன் என்று அவள் திருத்தினாள். பிறகு இன்ஜினியர் சாவியை அவள் பக்கம் தள்ளினார். நிபந்தனை மூன்று. வாரம் ஒரு முறை சேப்டி சார் தன் கையால் ஒவ்வொரு பெல்ட்டையும் பார்ப்பான். பிடித்தவன் பிடிக்காதவன் என்று ஆணி பிரிக்கக் கூடாது. மாத வகுப்பில் அவள் முழுசாக உட்கார வேண்டும்.

அடுத்த வகுப்புக்கு முப்பது பேரும் வந்திருந்தார்கள். புதுப் பெல்ட்டுகள் பிளாஸ்டிக் வாசனையோடு வரிசையாகக் கிடந்தன. ஆள் உயரம், தலைக்கு மேல் கொக்கி, தரை ஓட்டை, விளிம்புக் கம்பி எல்லாம் முடிந்தது. சேப்டி சார் தொண்டையைச் செருமினான். பழக்கதோஷம், பெல்ட்டம்மா முழங்காலில் கையை ஊன்றி எழுந்துவிட்டாள். முப்பது தலையும் அவள் பக்கம் திரும்பினது. கடைசி வரிசையில் மருமகன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

அவள் நின்றாள். புடவையைச் சரி செய்கிற மாதிரி சரி செய்துகொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

"பல்லைக் காட்டாதீங்கடா" என்றாள். பிறகு சேப்டி சாரைப் பார்த்து, "சொல்லுங்க சார். துணி எப்படித் துவைக்கணும்?"